பயந்தாங்கொள்ளி வக்கீல்

என் அக்கா பயப்படாத பொருள் என்று இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. நாய், லிஃப்ட், ஊசி, தெரியாத நம்பரிலிருந்து வரும் போன், பின்னால் ஹாரன் அடிக்கும் லாரி எல்லாவற்றுக்கும் பயம். ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடிப்பாள். நான் அவளைவிட ஐந்து வயது சின்னவள். அப்படிப்பட்டவள் வக்கீலுக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "ஜட்ஜ் என்னம்மான்னு கேட்டா, இவ ஒண்ணுமில்லைங்கன்னு சொல்லிட்டு வந்துடுவாளே!"

கிட்டத்தட்ட அப்படியேதான் ஆனது. முதல் வழக்கில் எழுந்து நின்றவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "கேட்கவில்லை, சத்தமாகப் பேசுங்கள்" என்று நீதிபதி சொல்லச் சொல்ல இவள் குரல் உள்ளேயே போனது. கடைசியில் பக்கத்தில் இருந்த சீனியர் எழுந்து பேசி முடித்தார். அன்றோடு கோர்ட்டுக்கு ஒரு கும்பிடு. வீட்டுப் பத்திரம், கூட்டு ஒப்பந்தம், உயில் இவற்றை எழுதிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கே யாரும் யாரையும் எதிர்த்து நிற்பதில்லை. கமாவோடும் முற்றுப்புள்ளியோடும்தான் சண்டை. அதில் அவள் கெட்டிக்காரி என்று பேர் வாங்கினாள்.

கல்யாணம் ஆயிற்று. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அத்தான் நல்ல மனுஷர். ஒரு மகள் பிறந்தாள். உருவத்தில் சின்னதாகவும் வாயில் காரமாகவும் இருந்ததால் அவளுக்கு மிளகு என்று பேர் வைத்தேன், அதுவே நிலைத்துவிட்டது. அவர்கள் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். மருந்துக்கடையில் வேலை. அதனால் இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தவை. கண்ணால் பார்க்காததை யாரிடம் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆதரவில்லாத பிள்ளைகளுக்காக ஒரு சேவை அமைப்பு இருந்தது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, அடுத்த தெருவில் பிள்ளைகள் தங்க ஒரு வீடு. வக்கீல்கள் சிலர் சனிக்கிழமை காலைகளில் அங்கே சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள். அக்காவின் அலுவலகத்தில் யாரோ கேட்க, மாட்டேன் என்று சொல்லப் பயந்து இவளும் பேர் கொடுத்துவிட்டாள். "எழுத்து வேலை மட்டும்தான்" என்று முதல் நாளே சொல்லிவைத்தாள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்குவது, பள்ளிக்கூடத்தில் சேர்க்க மனு எழுதுவது இவைதான் அவள் பங்கு. ரப்பர் வாசனை சேலையில் ஏறிக்கொள்ள, மதியம் சந்தோஷமாக வீட்டுக்கு வருவாள். வாரத்தில் அவள் தோள் இறங்கி, மூச்சு சீராக இருக்கும் ஒரே நேரம் அதுதான்.

அந்தப் பிள்ளை வரும்வரை.

அக்கா எங்களிடம்கூடப் பேர் சொன்னதில்லை. 'அந்தப் பிள்ளை' என்றுதான் சொல்வாள். பத்து வயது இருக்கலாம். அம்மா, அப்பா இல்லை. வளர்த்த சித்தி, கட்டடக் கான்ட்ராக்டர் ஒருவர் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள விட்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தவள், ஒரு மத்தியானம் பின்பக்கச் சுவரில் ஏறிக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில், முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பழசும் புதுசுமாக இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்துவிட்டு அமைப்புக்கு போன் செய்தார்கள்.

அக்கா முதன்முதலில் அவளைப் பார்த்த கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். அறையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பிள்ளை ஒரு மூலையில், இரண்டு சுவரும் சேரும் இடத்தில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் வாசலில் இருந்தது.

"எந்த ரூமுக்குப் போனாலும் நான் தேடி உக்கார்ற இடம்டி அது. எனக்கு முன்னாடி அவ புடிச்சிட்டா" என்றாள் அக்கா.

வேறு வழியில்லாமல் இவளும் பக்கத்தில், அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இருவரும் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க வக்கீலா?" என்று பிள்ளை கேட்டது.

"ஆமா."

"வக்கீல்னா சத்தமா பேசுவாங்கள்ல?"

"நான் எழுதுற வக்கீல். பேசுறதுக்கு வேற சார் இருக்கார்."

பேசுகிற சாரை அங்கே எல்லோரும் 'கோட்டு' என்றுதான் சொல்வார்கள். மின்விசிறி ஓடாத அந்த அறையிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார். வாய் திறந்தால் கீழே டயர் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பாராம். அவ்வளவு கணீர். அவர் வழக்கை எடுத்துக்கொண்டார். பிள்ளையைத் தன்னிடம் தரச் சொல்லிச் சித்தி மனுப் போட்டிருந்தாள். சித்தியிடம் போனால் மறுநாளே கான்ட்ராக்டர் வீட்டுக்குத்தான் போவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். விசாரணை நாள்வரை பிள்ளை அமைப்பின் வீட்டில் இருக்கலாம் என்று உத்தரவு. கோட்டு வாதாட வேண்டியது. அக்கா தாள்களை அடுக்கிக் கொடுக்க வேண்டியது. ஏற்பாடு அவ்வளவுதான்.

விசாரணைக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம் கான்ட்ராக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நான் அப்போது கீழேதான் இருந்தேன். மிளகுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் அத்தான் கதவைத் திறந்தார். ஐம்பது வயது, படிய வாரின தலை, கையில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. செருப்பை வெளியே ஒழுங்காக விட்டுவிட்டு உள்ளே வந்து, தான் யார் என்று சொல்லிவிட்டு, உட்காருங்கள் என்று யாரும் சொல்வதற்குள் உட்கார்ந்தார். அக்கா அடுப்படி வாசலில் பேயறைந்த மாதிரி நின்றாள்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"நல்ல வீடு. ஆனா அந்த மூலையில விரிசல் விட்டிருக்கே, பாத்தீங்களா? அப்படியே விட்டா ஒருநாள் இறங்கிடும். நம்ம பசங்கள அனுப்பட்டுமா?"

"வேண்டாங்க, நாங்களே பாத்துக்குறோம்" என்றார் அத்தான்.

"சும்மா சொன்னேன். தொழில் புத்தி." சிரித்துவிட்டு மிளகைப் பார்த்தார். "பாப்பா அந்த நீல கேட் ஸ்கூல்தானே? மூணாவது மாடில கிளாஸ். அந்த ஸ்கூலு நான் கட்டுனதும்மா. மாடிப்படி கைப்பிடி மட்டும் கொஞ்சம் தாழ்வா போயிடுச்சு. பசங்க ஓடும்போது பாத்துப் போகச் சொல்லுங்க."

என் கையில் ஜடை பாதியில் நின்றது. மிளகு ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் தோளை அழுத்தினேன்.

வழக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து, கும்பிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அக்கா அந்த பிஸ்கட் டப்பாவைத் தொடக்கூட இல்லை. அத்தான் அதைத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் போட்டார். மிளகு மட்டும், "ஏம்ப்பா, நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை கோட்டு போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். அந்தக் கணீர் குரலைத் தேட வேண்டியிருந்தது.

"எனக்கு வெளியூர்ல ஒரு கேஸ் வந்துடுச்சும்மா... தவிர்க்க முடியாது. நீங்க தேதி மாத்திக் கேளுங்களேன்."

"தேதி மாத்துனா பிள்ளைய அதுவரைக்கும் சித்திகிட்ட விட்டுடுவாங்களே சார்?"

"என் பையன் காலேஜுக்கு பைக்ல போறாம்மா" என்றார். போனை வைத்துவிட்டார்.

அமைப்பின் பொறுப்பாளர் ஊன்றுகோலோடு நடக்கும் மனிதர். எந்தக் கஷ்டத்திலும் ஒரு கேலி வைத்திருப்பவர். அவர் தெரிந்த வக்கீலையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வேலை வந்துவிட்டது. "ஊர்ல இருக்கிற வக்கீலுக்கெல்லாம் ஒரே நாள்ல காய்ச்சல்மா. கொசு பெருத்துப் போச்சு போல" என்றாராம். சிரிக்கவில்லை.

வீட்டில் அத்தான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "நம்ம பிள்ளைய விட அந்தப் பிள்ளை முக்கியமா? எழுத்து வேலைதானே பாக்கப் போன? எழுதிக் குடுத்துட்ட இல்ல, விடு."

"விடுறேன்னுதானே சொல்றேன்" என்றாள் அக்கா. அவளுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. தெருவில் வண்டி நின்றால் ஜன்னலுக்கு ஓடுவாள். மிளகைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருந்தாள். நானும் அத்தான் பக்கம்தான் பேசினேன். "அக்கா, நீ போய் நின்னு என்ன பேசப் போற? சும்மாவே உனக்கு வாய் வராது." அவள் கோபப்படவில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள்.

பிள்ளையிடம் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டாள். பிள்ளை அதே மூலையில், மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"கோட்டு சார் வரமாட்டாராமே?" என்றது பிள்ளை. யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆமாம்மா. அவருக்கு வேலை."

"அவங்க வீட்டுக்கும் ஐயா வந்தாரா?"

பிள்ளை நகத்தால் மாவுக்கட்டைச் சுரண்டியது. "ஐயா திட்டவே மாட்டாரு. அவரு வந்து நின்னாலே போதும். அந்த வீட்டு அம்மாதான் எல்லாம் செய்வாங்க. அவரு பாத்துட்டு இருப்பாரு." பிறகு நிமிர்ந்து, "நீங்க வருவீங்களா?" என்று கேட்டது.

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். "வர்றேன்" என்றாள்.

பாதிப் படி இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா இப்படிச் சொல்லிட்ட?" என்றேன்.

"முடியாதுன்னு சொல்லத்தான்டி போனேன். அவ மூஞ்சியப் பாத்து அதச் சொல்றதுக்கு எனக்கு தைரியம் வரல."

இரண்டு நாள் அத்தான் அவளோடு பேசவில்லை.

விசாரணை அன்று விடியற்காலையில் தெருவில் லாரி வந்து நின்ற சத்தம். அடுத்து மலை சரிந்த மாதிரி ஒரு இரைச்சல். வீடே அதிர்ந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஒரே புழுதி. அது அடங்கியபோது எங்கள் கேட்டுக்கு முன்னால் நெஞ்சு உயரத்துக்கு இடிந்த கட்டடக் குப்பை கிடந்தது. உடைந்த செங்கல், கம்பி நீட்டிய கான்கிரீட் துண்டு, கண்ணாடிச் சில்லு. கேட் வெளிப்பக்கமாகத் திறக்கும். அசைக்க முடியவில்லை. வேறு வழியும் கிடையாது. லாரி போய்விட்டிருந்தது.

அக்கா சேலை கட்டி, கோட்டுப் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றாள். "அப்போ போக முடியாது, இல்ல?" என்றாள். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

அத்தான் அந்தக் குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கடைக்கு வைத்திருந்த ஏணியைக் கொண்டுவந்து கேட்டில் சாய்த்தார். பழைய கதவுப் பலகை ஒன்றை இழுத்துவந்து குப்பைக்கு மேலே போட்டார். முதலில் தான் ஏறி, அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினார்.

"வா."

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கு மட்டும் இல்லையா? கையக் குடு. கீழ பாக்காத."

ஏணியின் இரண்டாவது படிக்குமேல் வாழ்நாளில் ஏறாதவள் அன்று ஏறினாள். பலகை ஆடியது. வீல் என்று கத்திக்கொண்டே நடந்தாள். ஒரு செருப்பு வார் அறுந்தது. கோட்டெல்லாம் வெள்ளையாகத் தூசி. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. நான் பின்னாலேயே ஏறி இறங்கினேன். என் செருப்பைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தேன். அத்தான் திரும்ப உள்ளே குதித்து, மிளகைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாழ் போட்டார்.

கோர்ட்டுத் தாழ்வாரத்தில் கான்ட்ராக்டர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சித்தி, தலையைத் தூக்கவே இல்லை. இரண்டு தடியர்கள் தூணில் சாய்ந்து நின்றார்கள். எங்களைக் கண்டதும் அவர் பேப்பரை மடித்தார்.

"வாங்க மேடம். என்ன, கோட்டெல்லாம் தூசி?"

அக்கா என் கையை இறுக்கினாள். நகம் பதிந்தது.

குழந்தைகள் வழக்கு என்பதால் சம்பந்தப்பட்டவர்கள் தவிர வேறு யாரையும் உள்ளே விடமாட்டார்கள்; பிள்ளை அவர் வீட்டில் இருந்ததால் கான்ட்ராக்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் தாழ்வாரத்திலேயே, அந்தத் தடியர்களுக்கு எதிரே, வெறுங்காலோடு உட்கார்ந்தேன். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிறகு பொறுப்பாளர் சொல்லித்தான் கேட்டேன். பிள்ளையை வேறு வழியாக அழைத்துவந்து பக்கத்து அறையில் வைத்திருந்தார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் அழகாகப் பேசினாராம். ரத்த சொந்தம், சித்தியின் கண்ணீர், சொந்த மகளைப் போல் வைத்திருந்த பெரிய மனிதர், குறும்புக்காரப் பிள்ளை அடுப்பில் கையை வைத்துக்கொண்டது என்று எல்லாமே வந்தது. நீதிபதி அம்மா அக்காவைப் பார்த்தார்.

அக்கா எழுந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"கேட்கவில்லை" என்றார் நீதிபதி.

எதிர்த்தரப்பு வக்கீல் லேசாகச் சிரித்தார். "அவங்க பத்திரம் எழுதுறவங்க மேடம். பழக்கமில்ல."

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்ல மேடம்" என்றாள் அக்கா. "பயமா இருக்கு."

"யாரப் பாத்து பயம்?"

அக்கா திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் கான்ட்ராக்டர் பக்கம் நீட்டினாள். பிறகு கோர்வை இல்லாமல், விக்கி விக்கிச் சொன்னாள். "போன வாரம் இவர் எங்க வீட்டுக்கு வந்தார் மேடம். திட்டல, மிரட்டல. தண்ணி குடிச்சாரு. என் பொண்ணு எந்த மாடில படிக்கிறான்னு சொன்னாரு. அன்னையிலேர்ந்து நான் சாப்பிடல, தூங்கல. இன்னைக்குக் காலையில எங்க வாசல்ல கட்டடக் குப்பையக் கொட்டியிருக்காங்க. ஏறிக் குதிச்சு வந்தேன். நான் படிச்சவ. எனக்கு வீடு இருக்கு, புருஷன் இருக்கார், தங்கச்சி இருக்கா. அரை மணி நேரம் இவர் எங்க வீட்ல உக்காந்ததுக்கே நான் இப்படி ஆயிட்டேன். அந்தப் பிள்ளை இவர் வீட்ல ரெண்டு வருஷம் இருந்திருக்கா மேடம். யாருமில்லாம."

எழுதிக்கொண்டு போன வாதத்தில் ஒரு வரியைக்கூட அவள் படிக்கவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். நீதிபதி கையமர்த்திவிட்டு கான்ட்ராக்டரைக் கேட்டார். "இவங்க வீட்டுக்குப் போனீங்களா?"

"ஒரு மரியாதைக்கு..."

"வீடு எங்கேன்னு யார் சொன்னாங்க?"

அவர் வாயடைத்துப் போனதை அன்றுதான் பார்த்தேன் என்றார் பொறுப்பாளர்.

பிறகு நீதிபதி, பிள்ளையைத் தன் சொந்த அறைக்கு அழைத்துப் பேசினார். அக்கா மட்டும் கூட இருந்தாள். கதவு நெடுநேரம் மூடியே இருந்தது. அங்கே பிள்ளை என்ன சொன்னது என்பதை இன்றுவரை அக்கா எங்களிடம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. வெளியே வந்தபோது சித்தியின் மனு தள்ளுபடி. பிள்ளை அமைப்பின் பாதுகாப்பில் இருக்க வேண்டும், அந்த வீட்டு ஆட்கள் யாரும் நெருங்கக் கூடாது, போலீஸ் வழக்குப் பதிய வேண்டும் என்று உத்தரவு. அக்கா நேராகக் கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். நான் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கான்ட்ராக்டருக்கு உடனே பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. அவரையும் மனைவியையும் கைது செய்தார்கள்; ஜாமீனில் வந்துவிட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாசல் குப்பையை யார் எடுப்பது என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் கான்ட்ராக்டரின் ஆட்களே வந்து பேசாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். போலீஸ்காரர் ஒருவர் தெருமுனையில் நின்றிருந்தார். மிளகை வேறு பள்ளியில் சேர்த்தோம், தரைத்தளத்தில் வகுப்பு. அக்காவின் பயம் குறையவில்லை, கூடிற்று. வீட்டுக்கு வந்த கேஸ் சிலிண்டர்காரரைக்கூட அடையாள அட்டை கேட்டு அழவைத்தாள். சனிக்கிழமை மட்டும் போகாமல் இருக்கவில்லை. கோட்டும் கொஞ்ச நாள் கழித்து வரத் தொடங்கினார். அவள் முன்னால் மெதுவாகத்தான் பேசுகிறாராம்.

பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி தூரத்து ஊரில் இருப்பதைப் பொறுப்பாளர் விசாரித்துக் கண்டுபிடித்தார். தங்கையின் மகள் எங்கே என்று சித்தி சொல்ல மறுத்ததால் அவளும் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். கோர்ட் அனுமதி கிடைத்ததும், பொறுப்பாளரும் அக்காவும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். போகும் வழியெல்லாம் பிள்ளை அக்காவின் மடியில் தூங்கியது. அக்கா பஸ்ஸைத் தாண்டும் ஒவ்வொரு காரையும் முறைத்துக்கொண்டே போயிருக்கிறாள். பெரியம்மா வீட்டில் மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாள், அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். சாப்பாடு போட்டபோதுகூட அந்தம்மாவின் கையையே கவனித்துக்கொண்டிருந்தாளாம். "உங்களுக்குச் சந்தேகம் தீருற வரைக்கும் இருங்கம்மா, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றிருக்கிறாள் பெரியம்மா. பொறுப்பாளர் சில நாள் அங்கே தங்கினார். அக்கா மட்டும் மறுநாள் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் அவளை அழைத்துவர நான் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்தது, நின்றது, போனது. அக்கா இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. கான்ட்ராக்டரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. அத்தானைக் கூப்பிடலாமா, போலீஸைக் கூப்பிடலாமா என்று ரோட்டோரத்தில் தவித்துக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"ஏய், நான் எங்க இருக்கேன்னே தெரியலடி. ஒரே பஸ்ஸா நிக்குது. டிரைவர் இல்ல, யாரும் இல்ல. இப்பத்தான் கண்டக்டர் வந்து எழுப்பினார். பஸ் டிப்போவாம். சீக்கிரம் வாயேன், பயமா இருக்கு."

"எழுப்பினாரா? நீ பஸ்ல தூங்கினியா?"

"ஆமாடி" என்றாள், அவளுக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி. "ஏறி உக்காந்ததுதான் தெரியும்."

ஆட்டோ பிடித்துக்கொண்டு போனேன். டிப்போ வாசலில், விளக்குக் கம்பத்துக்கு நேர் கீழே, பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் கம்பி பதிந்த கோடு கன்னத்தில் இன்னும் சிவப்பாக இருந்தது.